கமரா இல்லாத மைதானத்தில் ஹை லைன்

கொம்பனித்தெரு சிட்டி லீக் மைதானத்தில் லைன்ஸ்மன் கொடியைத் தூக்கினால் போதும். ஓரத்தில் நிற்பவர்களில் பாதிப் பேர் இரண்டு சுட்டுவிரல்களாலும் காற்றில் ஒரு பெட்டி வரைந்து காட்டுவார்கள். டீவியில் பார்த்துச் சொல்லு என்று அர்த்தம். டீவி எங்கே இருக்கிறது? பெரும்பாலான நாட்களில், யாராவது ஃபேஸ்புக் நேரலைக்காகப் பிடித்துக்கொண்டிருக்கும் ஃபோனைத் தவிர அங்கே கமராவே இருக்காது. உள்ளே விளையாடுபவர்களும் அதே பெட்டியை வரைவார்கள். அந்தச் சைகையை அளவுக்கு மீறிக் காட்டுகிற வீரருக்கு மஞ்சள் அட்டை என்று விதிப் புத்தகம் சொல்கிறது. வீஏஆரே (வீடியோ பார்த்து முடிவைச் சரிபார்க்கும் முறையே) இல்லாத போட்டியில் அதற்காகச் சட்டைப்பையில் கைவைக்க எந்த மத்தியஸ்தருக்கும் மனம் வராது.

கொழும்பில் கால்பந்து பார்க்கிற நாங்கள் சனி, ஞாயிறு இரவுகளில் இங்கிலாந்து, ஸ்பெயின் லீக் போட்டிகளைப் பார்த்துவிட்டு மைதானத்துக்கு வருகிறோம். வரும்போது அங்கிருந்து இரண்டு சாமான்களைத் தூக்கிக்கொண்டு வருகிறோம். ஒன்று, அங்குள்ள பயிற்றுநர்கள் செய்கிற வித்தை. மற்றது, அங்கே மத்தியஸ்தம் நடக்கிற விதம். முதலாவதை யூடியூப் பார்த்து இரண்டு கிழமையில் பிரதி பண்ணிவிடலாம். இரண்டாவதற்குக் காசும் ஆளும் வேண்டும். சண்டை முளைப்பது இந்த இடைவெளியில்தான். மத்தியஸ்தர் கள்ளன் என்று கத்துவது சுலபம். ஆனால் பல தடவை கோளாறு இருப்பது வேறிடத்தில்: இங்கே இல்லாத ஒரு மத்தியஸ்த முறையை நம்பி இங்கே வியூகம் வகுத்துவிடுகிறோம்.

விதி மாறினால் வியூகம் மாறும். இது இன்று நேற்றுத் தொடங்கியது இல்லை. 1925 வரை ஓப்சைட்டில், அதாவது பந்து தன்னிடம் அடிக்கப்படும்போது எதிரணியின் கோலுக்கு அளவுக்கு மீறிக் கிட்ட நிற்கிற குற்றத்தில், சிக்காமல் இருக்க, முன்கள வீரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் மூவர் நிற்கவேண்டும். அந்த ஆண்டு அதை இரண்டாகக் குறைத்தார்கள். இங்கிலாந்தின் முதலாம் பிரிவில் 1924-25 பருவத்தில் 1,192 ஆக இருந்த கோல்கள் அடுத்த பருவத்தில் 1,703 ஆக எகிறின. அப்போதுதான் ஆர்சனலுக்கு வந்திருந்த ஹேர்பர்ட் சப்மன், நடுவில் நின்ற சென்டர் ஹாஃபைப் பின்னால் இழுத்து இரண்டு பின்கள வீரர்களுக்கு இடையில் நிறுத்தினார். பல பத்தாண்டுகள் உலகம் விளையாடிய டபிள்யூ-எம் அமைப்பு அந்த விதி மாற்றத்துக்குச் சொன்ன பதில்தான். 1992-இல் சக வீரர் காலால் திருப்பிக் கொடுக்கும் பந்தைக் கோல் காப்பாளர் கையால் எடுக்கக்கூடாது என்றார்கள். கோல் காப்பாளர்கள் காலால் விளையாடக் கற்றுக்கொண்டார்கள். 2019-இல் கோல் கிக் பந்து பெனால்டி எல்லையை விட்டு வெளியேறத் தேவையில்லை என்றார்கள். அன்றிலிருந்து கோல் காப்பாளரின் இரண்டு பக்கமும் பின்கள வீரர்கள் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பந்தைக் கேட்கிறார்கள்.

இந்தக் கடைசி வித்தையை எங்கள் கழக அணிகளும் பாடசாலை அணிகளும் உடனே பிடித்துக்கொண்டன. ஒக்டோபர், நவம்பர் பின்னேர மழை கொட்டித் தீர்த்த மைதானத்தில் இதைச் செய்தால் பந்து பாதி வழியில் தண்ணீரில் நின்றுவிடும். எதிரணி முன்கள வீரருக்குத் தீபாவளிதான். அப்படி வாங்கிய கோலுக்கு யாரும் மத்தியஸ்தரைத் திட்டமுடியாது என்பதால் அது சர்ச்சையாவதில்லை. சர்ச்சையாவது ஹை லைன்.

ஹை லைன் என்றால் பின்கள வரிசை முழுவதையும் நடுக்கோட்டுக்குக் கிட்ட ஏற்றி நிறுத்துவது. அண்மைக் காலத்தில் அதை அச்சமில்லாமல் செய்து காட்டியது ஹன்சி ஃபிளிக்கின் பார்சலோனா. 2024 ஒக்டோபர் 26 அன்று மெட்ரிட்டில் ரியல் மெட்ரிட்டை 4-0 என்று வென்ற போட்டியில் எதிரணி 12 தடவை ஓப்சைட்டில் சிக்கியது. அதில் 8 எம்பாப்பே மட்டும். பந்தை வலைக்குள் போட்டும் கோல் கணக்கில் சேரவில்லை. ஃபிளிக்கின் துணிச்சலைப் புகழ்ந்து எழுதியவர்கள் அதிகம். ஆனால் அதே பருவத்தில்தான் ஸ்பெயின் லீக்கில் அரைத்தானியங்கி ஓப்சைட் முறை வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 2022 கட்டார் உலகக் கிண்ணத்தில் ஃபிஃபா இந்த முறையைக் கொண்டுவந்தபோது, கூரைக்குக் கீழே 12 கமராக்கள் ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 தடவை பதிவு செய்தன. பந்துக்குள் இருந்த கருவி நொடிக்கு 500 தடவை தகவல் அனுப்பியது. பாதத்தின் நுனி வெளியே நின்றாலும் பிடிபடும். அந்த உத்தரவாதம் இருந்தால் நீங்களும் நானும் கூட ஓரளவு துணியலாம்.

இப்போது அதே ஹை லைனைக் கொடி பிடித்த ஒரு மனிதரின் கண்ணால் பாருங்கள். உதவி மத்தியஸ்தர், எங்கள் பேச்சில் லைன்ஸ்மன், கடைசிக்கு முந்தைய எதிரணி வீரருக்கு நேராக நிற்கவேண்டும். அனேகமாக அது பின்கள வரிசையின் கடைசி ஆள். பின்கள வரிசை 'ஏறு' என்ற ஒரு கூவலுக்கு ஒரேயடியாக முன்னால் ஓடும்போது, அந்தக் கூவல் அவருக்குச் சொல்லப்பட்டதல்ல. அரை நொடி பிந்தித்தான் அவர் நகர்வார். அதனால் கோல் கோட்டின் பக்கமாகக் கொஞ்சம் தங்கிப்போவார். ஒரு மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். கடைசிப் பின்கள வீரர் அவரிடமிருந்து 30 மீற்றர் தள்ளி நிற்கிறார். அவருக்கும் அப்பால், 40 மீற்றரில், எதிரணி முன்கள வீரர் அதே கோட்டில் சரிசமமாக நிற்கிறார். லைன்ஸ்மனின் கண்ணிலிருந்து பின்கள வீரரைத் தொட்டுப் போகிற பார்வைக் கோடு நேராகப் போகாது, சாய்ந்து போகும். 40 மீற்றரை அடையும்போது அது முன்கள வீரருக்கு மூன்றிலொரு மீற்றர் பின்னால் விழும். ஆக, சரிசமமாக நிற்பவர் ஓரடிக்கு மேல் முன்னால் நிற்பதாகவே லைன்ஸ்மனுக்குத் தெரியும். கொடி எழும்பும். முன்கள வீரர் பின்கள வீரருக்கு இப்பால், லைன்ஸ்மனின் பக்கமாக நின்றால் கணக்குத் தலைகீழ்: உண்மையிலேயே அரையடி வெளியே நிற்பவரும் உள்ளே நிற்பதாகத் தெரிவார். லைன்ஸ்மன் நடுக்கோட்டின் பக்கமாகத் தள்ளி நின்றால் இரண்டும் மாறிவிடும்.

இது பக்கச்சார்பு இல்லை, கேத்திரகணிதம். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் நேச்சர் இதழில் இதையே எழுதினார்கள்: ஓப்சைட் பிழைகளில் பெரும்பங்கு லைன்ஸ்மன் நிற்கும் கோணத்தால் வருவது. போதாததற்கு, பந்தை அடிப்பவரின் கால் ஒரு திசையில், கோடு இன்னொரு திசையில். ஒரே நொடியில் இரண்டையும் பார்க்க மனிதனுக்குக் கண் அமையவில்லை. ரேஸ்கோர்ஸில் கலரியிலிருந்து பார்க்கும்போது எங்களுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிவதாக நினைக்கிறோம். எங்கள் கோணம் அவருடையதைவிட மோசம்.

சரி, பயிற்றுநர் இதை வைத்து என்ன செய்யலாம்? மனிதக் கண் மட்டும் இருக்கிற லீக்கில், ஹை லைனுக்கு எதிராக ஓட்டக்காரனை அனுப்புவதாக இருந்தால் லைன்ஸ்மன் நிற்கிற பக்கமாக அனுப்புவது இலாபம். ஹை லைன் வைப்பவர் அந்தப் பக்கத்தில் தன் வேகமான பின்கள வீரரை நிறுத்துவது புத்தி. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. காற்றடிக்கும் திசையைப் பார்த்து முதல் பாதியில் எந்தப் பக்கம் என்று தீர்மானிப்பதில்லையா, அந்த மாதிரித்தான்.

இங்கே ஹை லைன் தோற்பதற்கு லைன்ஸ்மன் மட்டும் காரணம் இல்லை. பிரதி எடுக்கும்போது முக்கியமான பாதி விடுபட்டுப் போகிறது. 1980-களின் பிற்பகுதியில் ஏசி மிலானில் இதைச் செம்மைப்படுத்திய அரிகோ சாக்கி, கடைசிப் பின்கள வீரருக்கும் முதல் முன்கள வீரருக்கும் இடையில் 25 மீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது என்று வைத்திருந்தார். வரிசை மேலே ஏறுவது, முன்னால் உள்ளவர்கள் பந்து வைத்திருப்பவரை நெருக்கும்போது மட்டும். பயிற்சியில் இதைச் சொல்லிக்கொடுக்கப் பெரிய கருவி தேவையில்லை. ஒரு நீளமான கயிறு. பின்கள வீரர் நால்வரும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எதிரே பயிற்றுநர் பந்தோடு. அவர் முதுகைக் காட்டித் திரும்பினாலோ, பந்தைப் பின்னால் தட்டினாலோ நால்வரும் ஏறவேண்டும். தலையை நிமிர்த்தி, காலைப் பின்னுக்கு எடுத்தால் நால்வரும் திரும்பி இறங்கவேண்டும். ஒருவர் பிந்தினால் கயிறு இழுபடும்; யார் பிந்தியது என்று கேட்கவேண்டிய அவசியமே இல்லை. ஏறுவதைவிட இறங்குவதைத்தான் அதிகம் பழக்கவேண்டும். எங்கள் ஊரில் ஏறுவதை மட்டும் பழக்கிவிட்டு, பந்து தலைக்கு மேலால் போனதும் நால்வரும் கையைத் தூக்கிக்கொண்டு லைன்ஸ்மனைப் பார்த்து நிற்கிறார்கள். பந்து அப்போது வலைக்குள். விசில் கேட்கும்வரை ஓடு என்பது பத்து வயதில் சொல்லிக்கொடுக்கவேண்டிய பாடம். வீஏஆர் உள்ள இடத்திலும் அதே பாடம்தான், ஏனென்றால் அங்கே லைன்ஸ்மன் நெருக்கமான தருணங்களில் கொடியை வேண்டுமென்றே பிந்தித்தான் தூக்குகிறார்.

ஹேண்ட்போல் விஷயத்திலும் டீவி பழக்கம் தெரிகிறது. குறுக்குப் பந்தைத் தடுக்கப் போகும் பின்கள வீரர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு போவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கையால் உடலை 'இயல்புக்கு மாறாகப் பெரிதாக்கினால்' குற்றம் என்ற வாசகத்துக்குப் பயந்து வந்த பழக்கம் அது. மெதுவாக்கிய காட்சியில் எல்லாக் கையும் குற்றவாளியாகத் தெரியும் என்பதால் ஐரோப்பாவில் அந்தப் பயம் நியாயமானது. 2019-இல் விதியைக் கடுமையாக்கினார்கள்; கோல் அடிப்பதற்கு முன்னால் தற்செயலாகச் சக வீரரின் கையில் பட்டாலும் கோல் செல்லாது என்றார்கள். அது ஓவர் என்று தெரிந்து 2021-இல் தளர்த்தினார்கள். கோல் அடித்தவரின் சொந்தக் கையில் பட்டால்தான் இப்போது சிக்கல். கையைக் கட்டிக்கொண்டு ஓடுகிறவனால் சடாரென்று திரும்பமுடியாது. கெட்டிக்கார விங்கர் அதற்காகவே காத்திருப்பார். இங்கே மத்தியஸ்தர் 20 மீற்றர் தூரத்திலிருந்து ஒரே ஒரு தடவை, முழு வேகத்தில் பார்க்கிறார். அவருக்குத் தெரிவது உருவம்தான், விரல் இல்லை. பொக்ஸுக்குள் முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்வது போதும். வெளியே கையை விடுங்கள், ஓடட்டும்.

கோர்னர் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆர்சனலில் நிக்கொலா ஜோவர் போல கோர்னர், ஃப்ரீ கிக்குக்கென்றே தனிப் பயிற்றுநர்கள் வந்த பிறகு, கோல் காப்பாளரைச் சுற்றி ஆட்களை நிறுத்தி வழிமறிப்பது ஒரு கலையாகிவிட்டது. யார் யாரைப் பிடித்தார் என்று கமராக்கள் இருந்தும் அங்கே ஒவ்வொரு கிழமையும் தகராறு. இங்கே ஒருவர் விசிலோடு பத்துப் பன்னிரண்டு பேரைப் பார்க்கவேண்டும். யார் முதலில் விழுகிறாரோ அவருக்கு ஃப்ரீ கிக் கிடைத்துவிடுகிறது.

எங்கள் தேசிய அணிக்கு விதி நுணுக்கம் கைகொடுக்கக்கூடிய இடம் பெனால்டி உதைகள். 2024 செப்டெம்பரில் ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் நுழைவதற்கான ஆட்டத்தில் கம்போடியாவை இலங்கை பெனால்டி உதைகளில்தான் வென்றது. கொழும்பில் கோல் இல்லாமல் முடிந்த முதல் ஆட்டம், அங்கே போய் 2-2, பிறகு பெனால்டி. உதைக்கும் கணத்தில் கோல் காப்பாளரின் ஒரு காலின் ஒரு பகுதியாவது கோட்டின் மேலோ, கோட்டுக்கு நேராகவோ, பின்னாலோ இருக்கவேண்டும் என்பது இப்போதைய விதி. முன்பு இரண்டு கால்களும் கோட்டில் இருக்கவேண்டியிருந்தது. ஒரு காலைப் பின்னால் வைத்து மற்றக் காலால் ஓரடி முன்னால் வந்து பாய்வதைத் தனியாகப் பழக்கலாம். உள்ளூர்க் கிண்ணங்கள் எத்தனையோ பெனால்டியில் முடிகின்றன. பயிற்சியில் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கும் அணிகள் குறைவு.

அப்புறம் அந்தப் பெரிய வாதம்: வீஏஆர் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? வந்த இடங்களின் அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. 2023 செப்டெம்பர் 30 அன்று டொட்டன்ஹாம் மைதானத்தில் லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த கோலை லைன்ஸ்மன் ஓப்சைட் என்றார். வீடியோ அறையில் கோடு போட்டுப் பார்த்ததில் அது ஓப்சைட் இல்லை. ஆனால் மைதானத்தில் கோல் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு 'சரிபார்த்தாயிற்று' என்று அறையிலிருந்து சொல்லிவிட்டார்கள். ஆட்டம் மறுபடி தொடங்கிச் சில நொடிகளில் தவறு புரிந்தது. ஒருமுறை தொடங்கிவிட்டால் திரும்பிப் போக விதி இடம் தராது. லிவர்பூல் 2-1 என்று தோற்றது. பின்னர் வெளியிடப்பட்ட ஒலிப்பதிவைக் கேட்டால் பதற்றம் புரியும். கமரா பிழை விடவில்லை, பேச்சில்தான் பிழை.

கோடு போட்டு அளக்கமுடியாத ஓப்சைட்டும் உண்டு. 2021 நேஷன்ஸ் லீக் இறுதியில் ஸ்பெயினுக்கு எதிராக எம்பாப்பே வெற்றிக் கோலை அடித்தபோது அவர் நின்ற இடம் ஓப்சைட். ஆனால் இடையில் எரிக் கார்சியா காலை நீட்டிப் பந்தைத் தொட்டார். அது 'வேண்டுமென்று விளையாடியது', ஆகவே ஓப்சைட் இல்லாமல் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு கோலைக் கொடுத்தார்கள். வீடியோவும் ஆமென்றது. அடுத்த ஆண்டு, பந்தைக் கட்டுப்படுத்தக்கூடிய நிலையில் அந்த வீரர் இருந்தாரா என்று பார்க்கவேண்டும் என விதியாளர்களே விளக்கம் எழுதவேண்டி வந்தது. காலை நீட்டிப் பந்தைத் தடுக்கப் பார்ப்பதா, விட்டுவிடுவதா என்று பின்கள வீரருக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்றுநருக்கு இந்த விளக்கம் ஒரு கோலுக்குச் சமம்.

இங்கிலாந்தில் 2024-இல் வீஏஆரை நீக்கவேண்டும் என்று வுல்வ்ஸ் கழகம் பிரேரணை கொண்டுவந்து 19-1 என்று தோற்றது. சுவீடனில் கழகங்கள், இரசிகர்களின் அழுத்தத்தால், வேண்டவே வேண்டாம் என்று முடிவெடுத்தன. வைத்திருப்பவர்களும் வேண்டாமென்றவர்களும் ஒரே பிரச்சினையைத்தான் பேசுகிறார்கள்: எவ்வளவு நேரம் காத்திருப்பது, எந்தப் பிழையைத் திருத்துவது. கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள்மாறாட்டம் ஆகிய நான்கில் மட்டும், அதுவும் தெளிவான பிழை அல்லது கவனிக்காமல் போன பாரிய சம்பவம் என்றால் மட்டும் தலையிடவேண்டும் என்பதே வீஏஆர் தொடங்கியபோது வகுத்த அடிப்படை. எது தெளிவு என்பதில்தான் உலகம் அடித்துக்கொள்கிறது.

கொழும்பைப் பொறுத்தவரை இந்த வாதம் இன்னும் வாசலுக்கே வரவில்லை. வீஏஆருக்குத் தனியாகப் பயிற்சி பெற்ற வீடியோ மத்தியஸ்தர்கள் வேண்டும், ஃபிஃபாவின் அங்கீகார நடைமுறையைத் தாண்டவேண்டும், ஒளிபரப்புத் தரத்தில் கமராக்கள் வேண்டும். 2023 ஜனவரி 21 முதல் ஓகஸ்ட் இறுதிவரை ஃபிஃபாவின் தடையில் இருந்தது எங்கள் இலங்கைக் கால்பந்துச் சம்மேளனம். அந்த ஏழு மாதமும் சர்வதேசப் போட்டிகள் மட்டுமல்ல, ஃபிஃபாவும் ஆசியக் கூட்டமைப்பும் தரும் பயிற்சிநெறிகளும் இல்லை. நிர்வாகச் சண்டைக்கு விலை கொடுத்தவர்களில் மத்தியஸ்தர்களும் இளம் பயிற்றுநர்களும் அடக்கம். யாரும் அதைப் பேசுவதில்லை.

எங்களுக்குப் பொருந்தக்கூடியது வேறொன்று. ஃபிஃபா 2024-இல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கிண்ணத்தில் ஒரு எளிய முறையைப் பரிசோதித்தது. வீடியோ அறை கிடையாது, அறையில் மத்தியஸ்தர் கிடையாது. இருக்கிற சில கமராக்களின் காட்சியை மத்தியஸ்தரே ஓரத்துத் திரையில் பார்த்து முடிவெடுப்பார். கேட்கும் உரிமை பயிற்றுநருக்கு. விரலைக் காற்றில் சுழற்றிக் காட்டி, நான்காவது மத்தியஸ்தரிடம் ஒரு அட்டையைக் கொடுக்கவேண்டும். ஒரு போட்டிக்கு இரண்டு வாய்ப்பு. கேட்டது சரியாக இருந்தால் வாய்ப்பு கையிலேயே இருக்கும்.

கிரிக்கெட் பார்க்கிற இந்த நகரத்துக்கு இதை விளக்கவே தேவையில்லை. டெஸ்ட் கிரிக்கெட்டில் மறுபரிசீலனை முறையை முதன்முதலில் பரிசோதித்ததே கொழும்பு எஸ்எஸ்சி மைதானத்தில்தான், 2008 ஜூலையில், இலங்கை-இந்தியத் தொடரில். அந்தத் தொடர் முழுவதிலும் இலங்கை கேட்டதில் 11 வெற்றி. இந்தியாவுக்கு ஒன்றே ஒன்று. நடுவர்களும் அதே ஆட்கள், கமராவும் அதே கமரா. எப்போது கேட்பது, யார் சொல்லைக் கேட்டுக் கேட்பது என்பதை ஒரு அணி பழகியிருந்தது, மற்றது ஆத்திரத்தில் கேட்டது. கால்பந்திலும் அப்படித்தான் வரும். பத்தாவது நிமிடத்தில் த்ரோ தகராறுக்குக் கோபப்படும் பயிற்றுநர்கள் எங்களிடம் நிறைய. அவர்களிடம் இரண்டு அட்டையைக் கொடுத்தால் பாதி ஆட்டத்துக்குள் இரண்டும் தீர்ந்துவிடும். 2019 முதல் பயிற்றுநருக்கும் மஞ்சள், சிவப்பு அட்டை காட்டலாம் என்பதும், குழுவில் யார் கத்தியது என்று தெரியாவிட்டால் தலைமைப் பயிற்றுநருக்கே அது போகும் என்பதும் பலருக்கு அட்டையைப் பார்த்த பிறகுதான் தெரியவருகிறது.

அந்த முறை இங்கே வருவதற்கும் நாளாகும். நாலு கமராவுக்கு யார் காசு கட்டுவது, மழையில் திரையை எங்கே வைப்பது என்பதிலேயே ஒரு பருவம் போய்விடலாம். அதுவரை செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது. பருவம் தொடங்கமுன் ஒரு பின்னேரம், லீக்கில் ஊதுகிற மத்தியஸ்தர் இரண்டு பேரைப் பயிற்சிக்குக் கூப்பிடுங்கள். கோர்னரில் எந்தப் பிடியை ஊதுவார்கள், எதை விடுவார்கள், கோல் காப்பாளரை வழிமறித்தால் எதுவரை பொறுப்பார்கள் என்று வீரர்களே நேரில் கேட்கட்டும். லைன்ஸ்மனை ஓரத்தில் நிறுத்தி, கயிற்றோடு நால்வரும் ஏறும்போது அவர் எவ்வளவு பிந்துகிறார் என்று கூம்பு வைத்துப் பாருங்கள். சம்மேளனத்தின் அனுமதி, ஃபிஃபாவின் சான்றிதழ், ஒன்றும் வேண்டாம். செலவு ஆளுக்கொரு பிளேன்டீ.